மறுசேர்க்கை அப்போ ஏ-1 புரதத்தை முதன்முறை கையாள்பவர்களுக்கு: நெல்லைச் சீமை ஆய்வகங்களுக்கான வழிகாட்டி

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் "எச்.டி.எல்." என்று வரும் வரியை எல்லோரும் பார்த்திருப்போம், அதை "நல்ல கொழுப்பு" என்று வீட்டில் பெரியவர்களும் சொல்லப் பழகிவிட்டார்கள். அந்த எச்.டி.எல். துகளில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அப்போலிப்போபுரோட்டீன் ஏ-1 என்ற ஒரே புரதம்தான். சுருக்கமாக அப்போ ஏ-1. மனித மரபணுவைப் பாக்டீரியாவில் செலுத்தித் தயாரிக்கப்படும் இந்தப் புரதம் இப்போது ஆராய்ச்சிக்கென்று சிறு குப்பிகளில் விற்பனைக்குக் கிடைக்கிறது. அபிஷேகப்பட்டியிலும் பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் உயிர்வேதியியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படித்துவிட்டு, முதன்முறையாக இப்புரதத்தைக் கையில் எடுக்கப்போகும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குப்பியோடு வரும் சான்றிதழில் தூய்மை 95 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதும், ஜெல்லில் ஒரே பட்டை தெரிவதும் இப்புரதம் வேலை செய்யும் என்பதற்குச் சான்றாகா. லிப்பிடோடு சேர்வதுதான் இதன் தொழில். அது சேர்கிறதா என்று உங்கள் ஆய்வகத்திலேயே, உங்கள் கையாலேயே சோதித்த பிறகுதான் செல்களின் மீது இட வேண்டும். அந்தச் சோதனை எளிதானது. ஆனால் நம் ஊர் வெயிலில் அதைச் சரியாகச் செய்வதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும்.

புரதத்தின் இயல்பு

கல்லீரலும் சிறுகுடலும் சுரக்கும் முதிர்ந்த அப்போ ஏ-1 புரதத்தில் 243 அமினோ அமிலங்கள் உள்ளன. அதன் எடை ஏறத்தாழ 28 கிலோடால்டன். சங்கிலியின் பெரும்பகுதி சுருள்களாக அமைந்தது. ஒவ்வொரு சுருளிலும் ஒரு பக்கம் நீரை நாடும், மறுபக்கம் கொழுப்பை நாடும். லிப்பிட் இல்லாத நிலையில் இருக்கும் புரதம், செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏ.பி.சி.ஏ.1 என்ற கடத்தியிடமிருந்து பாஸ்போலிப்பிடையும் கொலஸ்ட்ராலையும் பெற்றுக்கொண்டு வட்டத்தட்டு வடிவத் துகளாகிறது. பிறகு எல்கேட் என்னும் நொதி அந்தக் கொலஸ்ட்ராலை எஸ்டராக மாற்ற, எஸ்டர் துகளின் உள்ளே ஒதுங்கி, தட்டு உருண்டையாகிறது. இவ்வாறு புறத்திசுக்களில் மிஞ்சும் கொலஸ்ட்ரால் கல்லீரலுக்குத் திரும்புகிறது.

முதற்படியில் கடத்தி பழுதானால் என்ன ஆகும் என்பதை டான்ஜியர் நோய் காட்டுகிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிலுள்ள ஒரு சிறு தீவின் பெயரைத் தாங்கிய இந்நோயில் ரத்தத்தில் எச்.டி.எல். ஏறக்குறைய இல்லாமலே போகும். தொண்டைச் சதை ஆரஞ்சு நிறமாகத் தெரியும். இதற்குக் காரணம் ஏ.பி.சி.ஏ.1 மரபணுவின் குறை என்பது 1999-இல் கண்டறியப்பட்டது. அப்போ ஏ-1 இருந்தும் அதற்கு லிப்பிட் கிடைக்காத நிலை அது. லிப்பிட் கிடைக்காத அப்போ ஏ-1 உடலில் நிலைப்பதில்லை. சிறுநீரகம் வழியாக விரைவில் சிதைந்து வெளியேறிவிடுகிறது.

ஆய்வகத்தில் நீங்கள் வாங்கும் தூளும் லிப்பிட் இல்லாத நிலையில்தான் வருகிறது. அந்த நிலையில் இது இறுகி மடிந்த புரதமன்று. நெகிழ்ந்த கட்டமைப்போடு, கரைசலில் செறிவு கூடக்கூட ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் போக்குடையது. லைசோசைமையோ ஆல்புமினையோ கையாண்ட பழக்கத்தில் இதையும் அப்படியே நடத்தினால் முடிவுகள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வரும்.

விலைப்புள்ளி கேட்பதற்கு முன்

விவரத்தாளில் முதலில் அமினோ அமில வரிசையின் எல்லைகளைப் பாருங்கள். செல் இப்புரதத்தை 267 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட வடிவில் உருவாக்குகிறது. முதல் 18 சுரத்தலுக்கான முன்தொடர், அடுத்த 6 பின்னர் வெட்டப்படும் பகுதி. ஆகவே "25 முதல் 267 வரை" என்றிருந்தால் அது முதிர்ந்த புரதம். "19 முதல் 267 வரை" என்றிருந்தால் அந்த ஆறும் சேர்ந்தே வருகிறது. பழைய ஆய்வுக் கட்டுரைகள் முதிர்ந்த புரதத்தின் முதல் எழுத்தை 1 என எண்ணுவதால், இரண்டு எண்வரிசைகளுக்கும் இடையே 24 வித்தியாசம் இருக்கும். மிலானோ திரிபை (இப்புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறிய இயற்கை வடிவம்) 173-ஆம் இடத்திலும் 197-ஆம் இடத்திலும் குறிப்பிடும் இரண்டு கட்டுரைகளைப் படித்துக் குழம்பும் மாணவர் அநேகர். இரண்டும் ஒரே இடம்தான்.

அடுத்தது ஹிஸ்டிடின் வால். தூய்மைப்படுத்த வசதியாக ஆறு ஹிஸ்டிடின்களை ஒரு முனையில் சேர்த்திருப்பார்கள். இப்புரதத்தில் லிப்பிடை முதலில் பற்றும் பொறுப்பு பெரும்பாலும் கடைசிப் பகுதியில், ஏறத்தாழ 190 முதல் 243 வரையுள்ள தொடரில் இருக்கிறது. எனவே வால் முன்முனையில் இருப்பதையோ, நொதியால் வெட்டி அகற்றப்பட்டதையோ வாங்குவது நல்லது. பின்முனையில் வால் உள்ளதை, வேறு வழி இருக்கும்போது நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பாக்டீரியாவில் தயாரித்தது என்பதால் தரம் குறைந்ததாக இருக்குமோ என்று தயங்க வேண்டியதில்லை. செயல்படுவதற்குச் சர்க்கரைச் சேர்க்கை தேவைப்படாத புரதம் இது. மனித அப்போ ஏ-1 புரதத்தில் சிஸ்டீனும் கிடையாது. ஆகவே கந்தகப் பிணைப்புகள் சரியாக அமைந்தனவா என்ற கவலையும் இல்லை. மிலானோ திரிபில் மட்டும் அர்ஜினின் இருந்த இடத்தில் ஒரு சிஸ்டீன் வந்திருப்பதால் அது இரட்டையாகப் பிணையும். பாக்டீரியா வழித் தயாரிப்பில் உண்மையாகவே அஞ்ச வேண்டியது எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து புரதத்தோடு ஒட்டிவரும் நச்சு. மேக்ரோஃபேஜ் செல்கள் மிகச் சிறிய அளவுக்கும் கிளர்ந்தெழும். செல் ஆய்வுக்கு வாங்குவதானால், ஒரு மைக்ரோகிராமுக்கு எத்தனை எண்டோடாக்சின் அலகு என்ற எண்ணைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 1-க்குக் குறைவு என்பது சாதாரணம், 0.1-க்குக் குறைவு என்பது விரும்பத்தக்கது.

அளவைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கீழே விவரிக்கப்போகும் தெளிவுச் சோதனையை 1 மில்லிலிட்டர் கிவெட்டில் செய்தால் ஒரு முறைக்கு 100 மைக்ரோகிராம் புரதம் செலவாகும். 100 மைக்ரோகிராம் குப்பி ஒன்றை வாங்கினால் புரதம் நன்றாக இருக்கிறது என்று தெரியும்போது புரதமே தீர்ந்துவிடும். 96 குழித் தட்டில் 200 மைக்ரோலிட்டரில் செய்தால் 20 மைக்ரோகிராம் போதும். ஆனாலும் குறைந்தது 1 மில்லிகிராம் வாங்கினால்தான் சோதனை, மறுசோதனை, செல் ஆய்வு எல்லாவற்றுக்கும் ஒரே தொகுதியிலிருந்து எடுக்க முடியும்.

ஆல்புமின் கலந்த தயாரிப்பையும் கலக்காத தயாரிப்பையும் தனித்தனியே விற்பார்கள், கலக்காததையே கேளுங்கள். காரணத்தைச் செல் ஆய்வுப் பகுதியில் சொல்கிறேன்.

வாங்குவதற்குப் பதில் நீங்களே பாக்டீரியாவில் தயாரிக்க முற்பட்டால், அது மரபணு மாற்றிய உயிரிகள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வரும் மறுசேர்க்கை டி.என்.ஏ. பணியாகும். உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவுக்கு முதலில் எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

குப்பி வந்து சேரும் நாள்

கரைசலாக வருவது உலர்பனியில் வர வேண்டும்; உறைய வைத்து உலர்த்திய தூள் சில நாள் வெப்பத்தைத் தாங்கும். சென்னையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கூரியரில் வரும் பெட்டிக்குத் தூள் வடிவமே பாதுகாப்பானது என்பது என் கருத்து. வாரத் தொடக்கத்தில் அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பிய பெட்டி ஞாயிறு முழுவதும் ஏதாவது ஒரு கிடங்கின் தகரக் கூரைக்கடியில் கிடக்கும். ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்குத் தெரியாது. அந்த வாரத்தை நீங்கள்தான் தவிர்க்கச் சொல்ல வேண்டும்.

பெட்டி வந்ததும் குளிர்பொதி உருகியிருக்கிறதா, உலர்பனி மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, தேதியும் நேரமும் எழுதி, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குப்பியை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த குப்பியை ஈரக்காற்றில் திறந்தால் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் ஒரு நிமிடம் சுற்றி, மூடியில் ஒட்டிய தூளை அடியில் சேர்த்த பிறகு திறக்க வேண்டும்.

கரைத்தலும் மறுபடி மடியச் செய்தலும்

உலர்த்திய அப்போ ஏ-1 வெறும் பஃபரில் கரைவது போலத் தெரியும். ஆனால் அந்தக் கரைசலில் பல புரதங்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே முதலில் 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் கரைத்து, கொத்துகளை முழுமையாக அவிழ்த்து, பிறகு டயாலிசிஸ் மூலம் குவானிடினை நீக்கி மறுபடி மடியவிடுவது இத்துறையில் நெடுநாள் வழக்கம். பெரும்பாலான புரதங்களுக்கு இது ஆபத்தான வைத்தியம். அப்போ ஏ-1 தானாகவே பழைய வடிவுக்குத் திரும்பும் தன்மையுடையதால் இதற்குப் பொருந்துகிறது. டயாலிசிஸ் சவ்வின் துளை வரம்பு 10 கிலோடால்டனோ அதற்குக் குறைவாகவோ இருக்கட்டும். குளிரறையில் பஃபரை மூன்று முறையாவது மாற்றுங்கள். குழாயைச் சுழற்றியில் வைத்து வேகமாகக் குலுக்கக் கூடாது. நுரை எழும் இடத்தில் காற்றுக்கும் நீருக்கும் இடையேயுள்ள பரப்பில் இப்புரதம் போய்ப் படியும். மெதுவாகப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

பஃபர் விஷயத்தில் நம் பகுதி ஆய்வகங்களில் கவனிக்கப்படாத ஒன்று இருக்கிறது. டிரிஸ் பஃபரின் பி.எச். ஒவ்வொரு டிகிரி வெப்பநிலைக்கும் ஏறத்தாழ 0.028 மாறும். சித்திரை வெயிலில் 33 டிகிரி உள்ள அறையில் 7.4 என்று சரிசெய்த டிரிஸ், 4 டிகிரி குளிரறைக்குள் போனதும் 8.2-ஐத் தொடும். அமெரிக்கக் கட்டுரையில் அறை வெப்பநிலை என்று எழுதியவர் 22 டிகிரியை நினைத்து எழுதியிருப்பார். எனவே பயன்படுத்தப்போகும் வெப்பநிலையிலேயே பி.எச். பார்க்க வேண்டும், இல்லையென்றால் வெப்பத்தால் அதிகம் மாறாத பாஸ்பேட் பஃபரைப் பயன்படுத்துங்கள்.

குவானிடின் நீங்கியபின் 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து செறிவைக் கணக்கிடலாம். முதிர்ந்த புரதத்தில் 4 டிரிப்டோஃபானும் 7 டைரோசினும் இருப்பதால், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கரைசல் 1 சென்டிமீட்டர் பாதையில் ஏறத்தாழ 1.15 காட்டும். முன்பு சொன்ன ஆறு எழுத்துப் பகுதி சேர்ந்த வடிவில் இன்னொரு டிரிப்டோஃபான் கூடுதலாக இருக்கும். அதற்கு இந்த எண் பொருந்தாது.

24 டிகிரியில் தெளிவுச் சோதனை

டி.எம்.பி.சி. என்பது ஒரு பாஸ்போலிப்பிட். குளோரோஃபார்மில் கரைத்து, கண்ணாடிக் குழாயில் நைட்ரஜன் வாயுவால் உலர்த்தி, வெற்றிடத்தில் மிச்சக் கரைப்பானை அகற்றி, பிறகு பஃபர் ஊற்றிக் குலுக்கினால் அது பல அடுக்குக் கோளங்களாகி, அரிசி களைந்த நீரைப் போல் வெண்மையாகக் கலங்கி நிற்கும். இங்கே மட்டும் வேகமாகக் குலுக்கலாம். புரதம் இன்னும் சேரவில்லை. குலுக்கும்போது வெப்பநிலை 24 டிகிரிக்கு மேலிருக்க வேண்டும். நமக்கு அது ஒரு சிரமமே இல்லை.

இந்தக் கலங்கலில் நல்ல அப்போ ஏ-1 புரதத்தைச் சேர்த்தால், அது அடுக்குகளை வெட்டிச் சிறு தட்டுகளாக்கிவிடும். ஒளியைச் சிதறடிக்கும் பெரிய கோளங்கள் மறைய, கரைசல் தெளிந்துவிடும். இறுதிச் செறிவு டி.எம்.பி.சி. மில்லிலிட்டருக்கு 0.25 மில்லிகிராம், புரதம் 0.1 மில்லிகிராம் என்று வைத்து, 325 நானோமீட்டரில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். தரமான புரதமாக இருந்தால் கால்மணி நேரத்துக்குள் கலங்கல் பெருமளவு குறைந்து, கிவெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பின்னாலிருக்கும் எழுத்தைப் படிக்க முடியும்.

இதில் வெப்பநிலைதான் எல்லாம். டி.எம்.பி.சி. ஏறத்தாழ 24 டிகிரியில் இறுகிய நிலையிலிருந்து நெகிழ்ந்த நிலைக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தின் நடுவில் இரண்டு நிலைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, அவற்றின் எல்லைகளில் ஏற்படும் இடைவெளிகள் வழியாகத்தான் புரதத்தின் சுருள்கள் உள்ளே நுழைகின்றன. 30 டிகிரிக்கு மேல் லிப்பிட் முழுவதும் நெகிழ்ந்துவிடும், எல்லைகளே இராது, வினை மிக மிக மந்தமாகிவிடும். ஆகவே நம் ஊரில் மே மாதம் குளிரூட்டி இல்லாத அறையில் இந்தச் சோதனையைச் செய்பவர், நல்ல புரதத்தையே செத்துப்போனது என்று முடிவுகட்டிவிடுவார்.

சாதாரண நீர்த்தொட்டி சூடாக்க மட்டுமே செய்யும்; அறையைவிடக் குளிர்ந்த 24 டிகிரியை அதனால் தர முடியாது. பெல்டியர் வசதியுள்ள ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருந்தால் கவலையில்லை. பழைய கருவியாக இருந்து, கிவெட் தாங்கியைச் சுற்றி நீர் ஓடும் அமைப்பு இருந்தால், குளிர்விக்கும் சுழற்சித் தொட்டியை இணைக்கலாம். அதுவும் இல்லையென்றால், தெர்மோகோல் பெட்டியில் நீரும் பனிக்கட்டியும் கலந்து 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, மீன்தொட்டிக்குப் போடும் சிறிய பம்பு ஒன்றால் அதைத் தாங்கியைச் சுற்றி ஓடவிட்டுச் சமாளிக்கலாம். பனிக்கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தபடி ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும். எதைச் செய்தாலும் தொட்டியின் திரையில் காட்டும் எண்ணை நம்பாமல், நீர் மட்டும் ஊற்றிய ஒரு கிவெட்டுக்குள் மெல்லிய வெப்பமானியை இறக்கி அளந்துகொள்ளுங்கள். புரதத்தையும் லிப்பிடையும் கலப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியே அதே வெப்பநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒப்பீட்டுக்கு இரண்டு கிவெட்டுகள் அவசியம்: ஒன்றில் புரதமே இல்லாமல் பஃபர் மட்டும், மற்றொன்றில் அதே அளவு ஆல்புமின். இரண்டும் கலங்கியே நிற்க வேண்டும். பஃபர் கிவெட்டே தெளியத் தொடங்கினால் கோளங்கள் அடியில் படிகின்றன என்று பொருள், புதிதாகத் தயாரியுங்கள்.

செல்களின் மீது

எச்.டி.எல். கொலஸ்ட்ராலின் அளவை மருந்தால் உயர்த்தினால் இதயத்துக்கு நன்மை வந்துவிடும் என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். டோர்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல். அளவை வெகுவாக உயர்த்தியும் மரணங்கள் கூடியதால் 2006 டிசம்பரில் அதன் பெரும் ஆய்வு நிறுத்தப்பட்டது. அதன் பிறகு, எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு கொலஸ்ட்ராலை வெளியே இழுக்கிறது என்று அளக்கும் முறைகளுக்கு மதிப்புக் கூடியது. நீங்கள் செய்யப்போகும் கொலஸ்ட்ரால் வெளியேற்றச் சோதனை அந்த வகையைச் சேர்ந்தது.

டிரிட்டியம் ஏற்றிய கொலஸ்ட்ரால் பழைய முறை. அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். ஒளிரும் போடிப்பி கொலஸ்ட்ராலைப் பயன்படுத்துவது புதியவர்களுக்கு நடைமுறையில் எளிது. மேக்ரோஃபேஜ் செல்களில் அதை ஏற்றி, ஏ.பி.சி.ஏ.1 கடத்தி மிகும்படி தூண்டிவிட்டு (எலியின் ஜே774 செல்களுக்குச் சைக்ளிக் ஏ.எம்.பி., மனித டி.எச்.பி.-1 செல்களுக்கு எல்.எக்ஸ்.ஆர். என்னும் ஏற்பியைத் தூண்டும் பொருள்), நன்றாகக் கழுவி, சீரம் இல்லாத ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அப்போ ஏ-1 சேர்த்து, நான்கு மணி நேரத்திலிருந்து ஓர் இரவு வரை விடுவார்கள். கன்றுச் சீரத்திலேயே எச்.டி.எல். உண்டு, அது மிச்சமிருந்தால் உங்கள் புரதத்தின் வேலை எது, சீரத்தின் வேலை எது என்று பிரிக்க முடியாது. ஊடகத்தில் உள்ள ஒளிர்வை, ஊடகமும் செல்லும் சேர்ந்த மொத்த ஒளிர்வால் வகுத்து நூறால் பெருக்கி, புரதம் சேர்க்காத குழியின் மதிப்பைக் கழித்தால் வெளியேற்ற விழுக்காடு கிடைக்கும். தூண்டாத செல்களையும் பக்கத்திலேயே வைத்தால் ஏ.பி.சி.ஏ.1 வழியாகப் போனது எவ்வளவு என்றும் தெரியும்.

ஆல்புமின் கலந்த தயாரிப்பை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. ஆல்புமினும் ஓரளவு கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். ஒரு பங்கு புரதத்துக்கு ஐம்பது பங்கு ஆல்புமின் கலந்திருந்தால், அப்போ ஏ-1 அளவை 5, 10, 20 என்று கூட்டும்போது ஆல்புமினும் 250, 500, 1000 என்று கூடவே ஏறும். வரைபடம் அழகாக மேலேறும். அதில் எது எதனால் என்று சொல்ல முடியாது. ஊடகத்தில் ஆல்புமின் தேவையென்றால் எல்லாக் குழிகளுக்கும் ஒரே அளவில் நீங்களே சேருங்கள்.

எண்டோடாக்சினைச் சோதிக்கப் பலரும் செய்யும் ஒரு வழி, புரதத்தைக் கொதிக்க வைத்துச் செல்லில் இட்டுப் பார்ப்பது: விளைவு மறைந்தால் புரதத்தால் வந்தது, நீடித்தால் எண்டோடாக்சினால் வந்தது என்பது அதன் தர்க்கம். அப்போ ஏ-1 விஷயத்தில் இது செல்லாது. சூட்டில் அவிழும் இப்புரதம் ஆறியதும் மறுபடி மடிந்துகொள்வதால், கொதித்த பிறகும் வேலை செய்யலாம். எண்டோடாக்சினைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் பாலிமிக்சின் பி சேர்த்த குழி, புரதத்தை நொதியால் முழுக்கச் செரித்த குழி ஆகிய இரண்டும்தான் இங்கே நம்பத்தக்க ஒப்பீடுகள்.

சேமிப்பு

சோதனையில் தேறிய கரைசலை, ஒரு நாள் வேலைக்குப் போதுமான சிறு பங்குகளாக, புரதம் ஒட்டாத வகைக் குழாய்களில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைக்காமல் பாதியை வேறொரு துறையின் உறைபெட்டியில் கேட்டு வைப்பது, நீண்ட மின்தடைக்கும் கம்ப்ரசர் பழுதுக்கும் ஒரு காப்பு. 86, 112, 148 ஆகிய இடங்களில் உள்ள மெத்தியோனின்கள் ஆக்சிஜனேற்றமடையக் கூடியவை; இடங்களைப் பொறுத்து இது புரதத்தின் வேலையைக் குறைக்கும். எனவே குழாய்களில் காற்றிடம் குறைவாக இருக்கும்படி நிரப்புங்கள். வெளிச்சம் படாமல் வையுங்கள்.

குழாயின் மேல் தொகுதி எண், செறிவு, உறையவைத்த தேதி ஆகியவற்றோடு, தெளிவுச் சோதனையில் கலங்கல் பாதியாகக் குறைய எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு குழாயை உருக்கி அதே 24 டிகிரியில் மறுபடி அளக்கும்போது, அந்த நிமிடக் கணக்கு இரட்டிப்பாகியிருந்தால் மிச்சக் குழாய்களைச் செல் ஆய்வுக்கு எடுக்காமல், ஜெல்லில் அடையாளப் பட்டைக்காக ஒதுக்கிவிட்டுப் புதுத் தொகுதிக்கு எழுதலாம். புதியது வந்ததும், பழையதில் நல்ல குழாய் ஒன்றாவது மீதம் இருக்கும்போதே, இரண்டையும் ஒரே நாளில் ஒரே டி.எம்.பி.சி. கலங்கலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள்.